மணிச் சத்தத்துக்கு நேரே

பெட்டி வாசலுக்குள் நுழையவில்லை. ஆறு பேர் தூக்கிப் பிடித்து, நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள், பின்பக்கத்தை முன்னால் திருப்பியும் பார்த்தார்கள். ஊரில் செய்கிற பெட்டியென்றால் ஊர் வாசல்களை மனதில் வைத்துச் செய்திருப்பார்கள். இது ஸ்பெயினில் செய்து, விமானத்தில் வந்து, கொழும்பிலிருந்து வாகனத்தில் ஏறியது. பள்ளிமுனை வாசல்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

"கதவைக் கழட்டுவம்," என்றான் அம்புறோஸ். யசிந்தாவின் கணவன். படகு இயந்திரம் திருத்துகிறவன். பேசத் தெரியாத இடத்திலெல்லாம் எதையாவது கழற்றிப் பூட்டி ஒப்பேற்றிவிடுவான். மைத்துனன் இறந்த பிறகு இந்தப் பத்தொன்பது நாட்களில் அவன் வீட்டில் இரண்டு மின்விசிறிகளையும் தண்ணீர்ப் பம்பையும் கழற்றிப் பூட்டியிருந்தான்.

குசினிக்குள்ளிருந்து யசிந்தாவின் தாய் திரேசம்மாவின் குரல் வந்தது. அழுகிற குரலில்லை. உப்பு எங்கே என்று கேட்பது போன்ற குரல்.

"அவனெண்டா வாசல் தெரியாதே? இந்த வாசலாலதானே வெளிக்கிட்டுப் போனவன். ஆர் பெத்த பிள்ளையோ பாவம், பிழையான வீட்டுக்குக் கொண்டு வந்திட்டாங்கள்."

பெட்டியைத் தாங்கி நின்றவர்களில் ஒருவன் தோளை மாற்றிக்கொண்டான். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். குசினியிலிருந்து மீன் பொரிகிற மணம் விறாந்தைக்கு வந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது; அயல்வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரவேண்டும். அது திரேசம்மாவுக்குத் தெரியாததல்ல. ஊரில் எத்தனை செத்தவீட்டுக்கு அவளே சோற்றுச் சட்டி சுமந்திருக்கிறாள். இது செத்தவீடு இல்லை என்பதுதான் அவளுடைய வாதம். அதை வாயால் சொல்லாமல் ஒட்டி மீனைப் பொரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யசிந்தா சுவரோடு ஒட்டி நின்றாள். வலது கையில் போன். பதினேழு நாளாக அதை அவள் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போனாலும் கிணற்றுக்கட்டில் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும். அதற்குள் அவளுடைய தம்பி டிலோஜனின் கடைசிக் குரல் இருந்தது. அந்தக் குரலை அம்மா கேட்டுவிடக் கூடாது என்று அவள் பயந்தாள். அம்மா கேட்காமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பயந்தாள்.

காற்று அசையவில்லை. மன்னாரில் காற்றில்லாத நாளை விரல் விட்டு எண்ணலாம். காலையில் பெட்டியோடு வந்த வாகனம் பாலத்தால் தீவுக்குள் நுழைந்தபோது, தூரத்தில் நிற்கிற காற்றாலைகள் அத்தனையும் நின்றிருந்தனவாம். சாரதி வந்து இறங்கிய உடனே சொன்ன முதல் சேதி அதுதான். அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

டிலோஜனுக்கு முப்பத்தெட்டு வயது. பாரிஸில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. கோடைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, புரட்டாதியில் பத்து நாள் லீவு எடுத்து மலை ஏறப் போவான். முதல் தடவை அவன் அதைச் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கடற்கரையில் பிறந்தவன் லீவுக்கு மலை ஏறுவதா? "கால் நோவு மாறத்தானே லீவு எடுக்கிறது, இவன் கால் நோகிறதுக்கு எடுக்கிறான்," என்றாள் திரேசம்மா. மன்னார்த் தீவில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? கோட்டை மதில், தண்ணீர்த் தாங்கி, மிஞ்சினால் பெருக்கமரம். நாலு வருடமாக அவன் அனுப்பிய மலைப் படங்களை அவர்கள் ஒரு கலியாண அல்பத்தைப் போலப் புரட்டிப் பார்த்தார்கள். அழகாயிருந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

இந்த முறை வடக்கு ஸ்பெயின். கூடப் போனவன் றொட்னி, பேசாலைக்காரன், பாரிஸில் ஒரே அறையில் இருந்தவன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் டிலோஜன் மலையில் விழுந்தான். சனிக்கிழமை காலை தேடிப் போனவர்கள் கண்டெடுத்தார்கள். சனி பின்னேரம் றொட்னி அம்புறோஸுக்குப் போன் எடுத்துச் சொன்னான். அன்று திரேசம்மா மயங்கி விழுந்தாள், எல்லாத் தாய்மாரையும் போல. அதுவரைக்கும் எல்லாம் ஒரு துக்கத்தின் வழமைப்படிதான் நடந்தது.

ஞாயிறு மத்தியானம் போன் ஆறு தடவை சிணுங்கியது.

யசிந்தா அப்போது கிணற்றடியில் இருந்தாள். போன் கதிரையில், அம்மாவுக்குப் பக்கத்தில். திரேசம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் மகனுடைய படம் தெரியும், அதன் கீழே உள்ள முக்கோணத்தை அமத்தினால் அவன் பேசுவான் என்றும் தெரியும். அமத்தினாள். வெள்ளிக்கிழமை இறந்த மகன் ஞாயிற்றுக்கிழமை பேசினான்.

"அக்கா, கம்பியில தொங்குற பெட்டியில ஏறி மேல வந்திட்டம். அத்தானைக் கூட்டி வந்திருந்தா மோட்டரைக் கழட்டிப் பாத்திருப்பார்." இது முதலாவது. இரண்டாவதில் காற்றின் இரைச்சல்தான் கூட. நடுவில் ஒரு சிரிப்பு. மூன்றாவதில், மேலே புல்வெளி, மாடுகள், வெயில், அம்மா சுகமா என்ற கேள்வி. நாலாவதில், றொட்னிக்கு முழங்கால் பிடித்துவிட்டது, அவன் திரும்பக் கம்பிப் பெட்டியில் இறங்குகிறான், நான் நடந்தே இறங்குகிறேன், மூன்று மணித்தியாலப் பாதை, பயமில்லை. ஐந்தாவது சின்னது.

"அக்கா, பனிப்புகார் வந்திட்டுது. கடல் மேல ஏறி வாறமாதிரி வருது. என்ர கையே எனக்குத் தெரியேல்லை."

அவ்வளவுதான். திரேசம்மா எழுந்தாள். போனைக் கதிரையிலேயே போட்டுவிட்டு, செருப்பும் போடாமல் கடற்கரைப் பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அந்தோனியார் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. பூசைக்கும் இல்லாமல், செபத்துக்கும் இல்லாமல், உச்சி வெயிலில் நிறுத்தாமல் அடித்தது.

அவள் மணி அடிப்பதற்கு ஒரு கதை உண்டு. அவர்கள் முள்ளிக்குளத்தில் இருந்த காலத்தில், ஒரு மார்கழி விடியலில் யசிந்தாவின் தகப்பன் யாகப்பர் படகோடு புகாருக்குள் அகப்பட்டுக்கொண்டார். கரை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. திரேசம்மா டிலோஜனை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மணிக் கயிற்றைப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் உரியும்வரை அடித்தாள். யாகப்பர் சத்தத்துக்கு நேரே துடுப்பு வலித்துக் கரைக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அது அந்த வீட்டின் பதினோராம் கட்டளையாகிவிட்டது. புகாருக்குள்ள கண்ணை நம்பாதே, காதை நம்பு. மணிச் சத்தத்துக்கு நேர வா, வழி தப்பாது. படுக்கப் போகுமுன் செபம் சொல்லி முடிய, பிள்ளைகள் இரண்டும் இதையும் ஒருதரம் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்து பள்ளிமுனைக்கு வந்த பிறகும், யாகப்பர் கட்டிலில் படுத்துச் செத்த பிறகும், கட்டளை மட்டும் சாகவில்லை.

மகன் புகாருக்குள் நிற்கிறான். தாய் மணி அடிக்கிறாள். இதில் விளங்காமல் இருக்க என்ன இருக்கிறது?

றொட்னி டிலோஜனின் போனைக் கண்டெடுத்து, ஞாயிறு காலையில் சார்ஜ் போட்டுத் திறந்ததும், மலையில் சிக்னல் இல்லாமல் தேங்கியிருந்தவை எல்லாம் ஒன்றாய் வந்தன. இதை அம்புறோஸ் சொன்னான், சுவாமியார் சொன்னார், தபால் கந்தோரில் வேலை செய்கிற பக்கத்துவீட்டுக்காரர் ஒரு கடித உதாரணத்தோடு சொன்னார். திரேசம்மா பொறுமையாகக் கேட்டாள். "செத்தவன் கதைப்பானே?" என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். மறுநாள் பின்னேரமும் போய் அடித்தாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு, அரை மணித்தியாலம். முதல் கிழமை ஊர் அழுதது. இரண்டாம் கிழமை ஊர் முணுமுணுத்தது. பிறகு, அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடாமல் பிடித்து வைத்தார்கள். கூப்பிடுகிற சத்தத்துக்கு யார் வருவார்கள் என்று தெரியாதல்லவா?

ஆறாவது குரல் மிச்சமிருந்தது. ஞாயிறு அம்மா ஓடிய பிறகு, ஈரக் கையோடு யசிந்தா வீட்டுக்குள் வந்தபோது, ஒருவருமில்லாத அறையில் தம்பி பேசிக்கொண்டிருந்தான். ஒன்று முடிய மற்றது தானாக ஓடுகிற போன் அது. அவள் வாசலிலேயே நின்று கேட்டாள். கேட்டு முடிய அதை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, வட்ஸ்அப்பிலிருந்து அழித்தாள். அம்புறோஸுக்கும் சொல்லவில்லை.

கதவு கழன்றது. பெட்டி உள்ளே வந்து மண்டபத்தின் நடுவில் மேசைகளில் இருந்தது. உள்ளே தகடு வைத்து ஒட்டி, வெளியே திருகாணி முடுக்கி, மேலே அரக்கு முத்திரை. திறக்கக் கூடாது என்று மூன்று மொழியில் ஒட்டியிருந்தது. மூன்றிலும் தமிழ் இல்லை. பெண்கள் சுற்றி இருந்து அழத் தொடங்கினார்கள். ஆனால் முகம் தெரியாத பெட்டிக்கு அழுவது கடினம். அழுகை எழும்பி, குசினிப் பக்கம் பார்த்து, தணிந்து போனது.

யசிந்தா போனைப் பார்த்தாள். டிலோஜனின் பெயருக்குக் கீழே ஒன்லைன் என்று இருந்தது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள். ஒன்லைன். கால் தன்பாட்டில் பின்வாசலுக்குப் போனது. அங்கே கிணற்றுக்கட்டில், பெட்டியோடு வந்த றொட்னி இருந்தான், டிலோஜனின் போனைக் கையில் வைத்துக்கொண்டு.

"குடுக்கத்தான் கொண்டந்தனான் அக்கா," என்றான். "வேலை செய்யுதோ எண்டு பாத்தன்."

முழங்காலில் பட்டி கட்டியிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. காலடியில் ஒரு பையில் டிலோஜனின் மலைச் சப்பாத்துகள். அடியில் காய்ந்த மண் வெள்ளையாக இருந்தது. இங்கே எங்கும் இல்லாத நிறம். யசிந்தா கிணற்றுக்கட்டின் மற்ற மூலையில் இருந்தாள். கேட்கவேண்டியதைப் பதினேழு நாளாகத் தேக்கி வைத்திருந்தாள்.

"தம்பி, அவன் விழுந்த இடத்துக்குக் கிட்ட கோயில் ஒண்டு இருக்குதே?"

"கோயிலா?" றொட்னி நிமிர்ந்து பார்த்தான். "இல்லை அக்கா. ஒரு வீடு கூட இல்லை. கீழ ஊருக்கு வந்தாத்தான் கோயில். அது மலைக்கு மற்றப் பக்கம், நாலு மணித்தியாலம் நடக்கவேணும்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். சின்னக் கோயிலெண்டாலும்?"

"நான் போய்ப் பாத்தனான் அக்கா. பாதைக்கு அடையாளமாக் கல்லில மஞ்சள் கீறி வச்சிருக்கு. அதைப் பிடிச்சுக்கொண்டு வந்தா குருடனும் இறங்கலாம். இவன் அதை விட்டிட்டு இடப் பக்கம் திரும்பியிருக்கிறான். அங்க பாதையே இல்லை, ஆட்டைத் தவிர ஒண்டும் நடக்காத இடம். தேடின ஆக்களும் கேட்டவை, ஏன் உங்கட சிநேகிதன் இஞ்சால வந்தவனெண்டு. என்னட்டைப் பதில் இல்லை." அவன் சப்பாத்துப் பையைப் பார்த்தான். "கவனமான பெடியன் அக்கா. என்னை விடக் கவனம்."

யசிந்தாவிடம் பதில் இருந்தது. ஆனால் அரைப் பதில்தான். அவன் ஏன் திரும்பினான் என்று அவளுக்குத் தெரியும். ஆறாவது குரலில் மணி கேட்கிறது. அதை நோக்கித்தான் அவன் போனான். எங்கோ ஒரு மலைக்கோயில், அங்கே யாரோ மணி அடித்தார்கள், போகிற வழியில் கால் தவறிவிட்டது. பதினேழு நாளாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கோயில் இல்லை என்றால் அடித்தது எது?

ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் நினைக்க விரும்பவில்லை. ஞாயிறு இங்கே அடித்த மணி வெள்ளிக்கிழமை அங்கே கேட்குமா? வேறொரு நாள் யாராவது இதைக் கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீரும் அசையவில்லை.

சுவாமியார் மூன்று மணிக்கு வந்தார். மண்டபத்தில் செபம் சொன்னார். எல்லோரும் பதில் சொன்னார்கள். குசினிக்குள் மட்டும் கரண்டி சட்டியில் தட்டிக்கொண்டிருந்தது. செபம் முடிய அவர் அம்புறோஸையும் யசிந்தாவையும் பக்கத்தில் அழைத்தார்.

"நாலு மணிக்கு எடுக்கவேணும். அம்மா என்ன சொல்லுறா?"

"பெட்டியைத் திறந்து காட்டட்டாம், இல்லாட்டி அது தன்ர மகன் இல்லையாம்," என்றான் அம்புறோஸ். "திறக்க ஏலாது சுவாமி. றொட்னி சொல்லுறான், திறந்தாலும் தெரியாதாம். முகம் இல்லை."

சுவாமியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"எடுப்பம் சுவாமி," என்று அம்புறோஸ் தொடர்ந்தான். "மாமி ஒரு பக்கத்தில இருக்கட்டும். போகப் போகச் சரியா வரும்."

யசிந்தாவுக்கு அது சரிவராது என்று தெரியும். இன்று இப்படியே புதைத்தால் அம்மா சாகும்வரை பின்னேரம் ஐந்து மணிக்குப் போய் மணி அடிப்பாள். மழையில் அடிப்பாள், காய்ச்சலில் அடிப்பாள். ஊர் முதலில் பரிதாபப்படும், பிறகு பைத்தியம் என்று பெயர் வைக்கும். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. ஆறாவது குரலைக் கேட்டால் அம்மா நம்புவாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிறகு மீதி நாளெல்லாம் தான் சொல்லிக் கொடுத்த ஒரு வசனத்தோடு அவள் படுத்து எழும்பவேண்டும். இரண்டில் எது குறைந்த கொடுமை என்று யசிந்தாவால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. எந்த மகளால் முடியும்?

பின்கதவு கிறீச்சிட்டது. திரேசம்மா குடையோடு நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"எங்கயம்மா போறியள்?"

"கோயிலுக்கு. இண்டைக்கு வெள்ளனப் போறன். பிறகு உந்தப் பெட்டியோட சனம் றோட்டை மறிச்சுப்போடும்." குரலைத் தாழ்த்தினாள். "மீன் பொரிச்சு மூடி வச்சிருக்கு, ஒருத்தருக்கும் குடுக்காத. அவன் வந்தா முதல்ல பசியெண்டுதான் சொல்லுவான்."

யசிந்தா குடையை வாங்கிக் கீழே வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தாள். கதவைச் சாத்தினாள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்த வாங்கில் இருத்தினாள். அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அவன் அண்டைக்கு இன்னொண்டும் கதைச்சவன். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை. என்னை ஏசுங்கோ, அடியுங்கோ. ஆனா கேளுங்கோ."

அமத்தினாள்.

முதலில் மூச்சு. சப்பாத்தின் கீழ் கற்கள் உருள்கிற சத்தம். பிறகு டிலோஜன், கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் சந்தோசம்.

"அக்கா, மணி கேக்குது. உனக்குக் கேக்குதே? கீழ எங்கயோ கோயில் இருக்கு. அம்மா சொல்லுறவ எல்லே, மணிச் சத்தத்துக்கு நேர வா, வழி தப்பாதெண்டு. அம்மா அடிக்கிற மாதிரியே கிடக்கு. நான் இப்ப பாதையை விட்டிட்டு அதுக்கு நேர போறன். கோயில் வந்த உடன போன் எடுக்கிறன்."

அதன் பிறகு அவன் பேசவில்லை, நிறுத்த மறந்துவிட்டான். கால் நடக்கிறது. மணி ஒலிக்கிறது, மெல்லியதாக, விட்டு விட்டு. பதினொரு செக்கன். முடிந்தது.

திரேசம்மா போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"திருப்பிப் போடு," என்றாள்.

யசிந்தா போட்டாள். இந்த முறை திரேசம்மா மகனுடைய பேச்சைக் கேட்கவில்லை. தலையைச் சரித்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிப் பதினொரு செக்கனுக்காகக் காத்திருந்தாள். மூன்றாம் முறையும் கேட்டாள். அடுப்பில் விறகு ஒன்று வெடித்தது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

"கோயில் மணி நடக்காது பிள்ளை," என்றாள். "இது நடக்குது."

"என்னம்மா?"

"வடிவாக் கேள். முதல் அடி அந்தப் பக்கம். அடுத்தது இஞ்சால. பிறகு கீழ. கோயில் மணியெண்டா நிண்ட இடத்திலதான் நிக்கும், அடிக்கிறவளுக்கும் கை ஒரே கணக்கில வரும். இது மேயுது. ஆட்டின்ர கழுத்து மணி." சேலைத் தலைப்பை இடுப்பிலிருந்து உருவினாள். "ஆட்டுக்குப் பின்னால போயிருக்கிறான், என்ர பிள்ளை."

யசிந்தா வாங்கின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள். அழுகை வந்தது; தம்பிக்காகவா, அம்மாவுக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. திரேசம்மா அழவில்லை. எழுந்து, அடுப்புக்கு முன்னால் குந்தி, விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, செம்பில் தண்ணீர் எடுத்து நூர்த்தாள். புகை எழுந்து குசினியை நிறைத்தது. பொரித்த மீன் சட்டியை எடுத்துப் பின்கதவுக்கு வெளியே வைத்தாள். பூனைகள் உடனே வந்தன.

பிறகு மண்டபத்துக்குப் போனாள். சனம் எழுந்து வழி விட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். அவள் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். "தலை எந்தப் பக்கம்?" என்று றொட்னியைக் கேட்டாள். அவன் காட்டினான். அந்தப் பக்கம் போய், பலகையில் கன்னத்தை வைத்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

நிமிர்ந்தபோது நேரம் நாலு ஆகிக்கொண்டிருந்தது. அம்புறோஸ் கோயிலுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். பிரேதம் வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து குழியில் இறங்கும்வரை துக்க மணி அடிக்கவேண்டும். அதுதான் ஊர் முறை.

"அம்புறோஸ்," என்றாள் திரேசம்மா. "மணி அடிக்க வேண்டாமெண்டு சொல்லு."

அம்புறோஸ் சுவாமியாரைப் பார்த்தான். "மாமி, மணி அடிக்காம எப்பிடி எடுக்கிறது? குடிகாரனுக்கும் அடிக்கிறம், தூக்குப் போட்டவனுக்கும் அடிக்கிறம். டிலோஜனுக்கு அடிக்காம விட்டா சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"ஏன் மாமி?"

திரேசம்மா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சா அவன் எழும்பி நடக்க வெளிக்கிட்டிடுவான். நான் பழக்கி வச்ச பழக்கம், செத்தாலும் விடான். எவ்வளவு தூரம் நடந்திட்டான் என்ர பிள்ளை. காணும். இனி நடக்க வேண்டாம்."

சுவாமியார்தான் முதலில் அசைந்தார். வாசலுக்குப் போய், கோயிலுக்குப் போகவிருந்த ஆளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

ஆறு பேர் தூக்கினார்கள். கதவில்லாத வாசலால் பெட்டி சுலபமாக வெளியே வந்தது. பள்ளிமுனையில் அதற்கு முன்பு அப்படியொரு ஊர்வலம் போனதில்லை. மணி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கடலும் இரையவில்லை. மணல் ஒழுங்கையில் நூறு நூற்றைம்பது பேர் நடக்கிற சரசரப்பு மட்டும். வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். எதிரே வந்த முச்சக்கர வண்டிக்காரன் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி நின்றான். கோயிலைத் தாண்டும்போது யசிந்தா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மணியடிக்கிற கிழவர் கோபுரத்தின் கீழே நின்றிருந்தார். கயிறு ஆடிவிடாதபடி அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

யசிந்தா அம்மாவின் கையைப் பிடித்து நடந்தாள். பாதி வழியில் திரேசம்மா, "பிள்ளை, அதை அழிக்காத," என்றாள்.

"எதையம்மா?"

"அவன் கடைசியாக் கதைச்சதை. ஆனா எனக்கு இனிப் போட்டுக் காட்டாத."

"ஓம் அம்மா."

சேமக்காலையில் குழி ஆழமாக வெட்டியிருந்தார்கள். சுவாமியார் தீர்த்தம் தெளித்து, செபத்தைச் சுருக்கமாக, வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார். கயிறு விட்டுப் பெட்டியை இறக்கினார்கள். அது பக்கத்து மண்ணில் ஒரு இடத்தில் உரசியது. திரேசம்மா திடுக்கிட்டுக் கையை நீட்டினாள். தூக்கியவர்கள் நிறுத்தி, மூச்சுப் பிடித்து, இன்னும் மெதுவாக இறக்கினார்கள்.

முதல் பிடி மண் தாய் போடவேண்டும். திரேசம்மா குனிந்து ஒரு பிடி அள்ளினாள். போடவில்லை. குழியின் விளிம்பில் முழங்காலில் இருந்து, பிறகு வயிற்றைப் பதித்து நீட்டிப் படுத்து, கையை உள்ளே எட்டும்வரை விட்டாள். யசிந்தா பயந்து அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். திரேசம்மா விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். மண் குழியின் சுவரோடு வழிந்து, ஒரு சத்தமும் இல்லாமல் பலகையில் இறங்கியது.

எழுந்து சேலையைத் தட்டினாள். அடுத்தது யசிந்தா. அவளும் அப்படியே படுத்து, கையை உள்ளே விட்டுத் திறந்தாள். பின்னால் றொட்னி, கட்டுப் போட்ட முழங்காலை நீட்ட முடியாமல் நீட்டி. அதற்குப் பின்னால் வெள்ளை உடுப்போடு சுவாமியார். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஊரவர் ஒவ்வொருவராக மண்ணில் படுத்து எழும்பினார்கள். மண்வெட்டிகளோடு வந்தவர்கள் அவற்றை மதிலில் சாத்திவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள்.